நிற்க வேண்டிய வண்டி

ஊர் உலகத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வழியில் நின்றுவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். சம்சாத் அன்று காலை போர்ட் பிளேயரில் மின்னி பே பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இந்தப் பாழாய்ப்போன பிக்கப் இன்றைக்கு நடுரோட்டில் நின்று தொலைய வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் புருஷன் நௌஷாத் பொய்யன் என்று முடிவாகிவிடும்.

நௌஷாத்துக்கு அந்தப் பழைய பிக்கப்தான் பிழைப்பு. சம்சாத்தின் தகப்பனார் அப்துல் குத்தூஸுக்குப் போர்ட் பிளேயர் பஜாரில் மொத்த மளிகை வியாபாரம். அவர் கடையிலிருந்து அரிசியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போய்ப் பாராடாங்கில் இருக்கிற சில்லறைக் கடைகளுக்கு இறக்குவான். போகிற வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. அதற்குள் யாரும் தன்னிஷ்டத்துக்குப் போய்விட முடியாது. ஜிர்காடாங் சாவடியில் வண்டிகள் எல்லாம் வரிசை கட்டி நின்று, முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி என்று கான்வாயாகத்தான் போக வேண்டும். உள்ளே வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, காட்டு மக்களுக்கு எதையும் கொடுக்கவோ அவர்களிடமிருந்து வாங்கவோ கூடாது.

நௌஷாத்தின் வண்டி அந்தக் காட்டுக்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, பழைய வண்டி நிற்பது உலகத்தில் நடக்காததா? வம்பு எங்கே வந்தது என்றால், இரண்டு தடவையும் பின்னால் வந்த போலீஸ்காரர் ஏறிச் சாவியைத் திருகியதும் வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று கிளம்பிவிட்டது. முதல் தடவை எச்சரித்து விட்டார்கள். இரண்டாம் தடவை வரிசையில் கடைசி வண்டி அவனுடையது. போலீஸ் வந்து சேர்ந்தபோது அவன் காட்டுப் பக்கமாக இறங்கி, டீசல் டாங்க் அருகே நின்றிருந்தான். கான்வாயில் போகும் பாஸை நிறுத்திவைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே நிறுத்தினான் என்று போலீஸ் அதிகாரி முடிவு செய்தால் பாஸ் ஒரேயடியாகப் போய்விடும், அதற்கு மேல் வழக்கும் உண்டு.

தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கேயே வண்டிப் பட்டறை போட்டுவிட்ட கோவிந்தராஜ் பார்க்காத வண்டியா? முதல் தடவை நின்றதுமே அவரும் பார்த்துவிட்டார். டீசலை இழுத்துக் கொடுக்கிற பம்ப்தான் விட்டு விட்டு வேலை செய்கிறது என்றார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் புதுப் பம்ப் வந்தது. பில்டரையும் மாற்றினார்கள். அரை டாங்க் டீசலோடு ஊருக்குள் சுற்றிக் காட்டினார், வண்டி நிற்கவே இல்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் ஓடிப்போகிற காய்ச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த வாரமே காட்டுக்குள் இரண்டாம் தடவை நின்றது.

பஜாரில் வாய்கள் சும்மா இருக்குமா? நௌஷாத் ஜாரவாக்களுக்குப் புகையிலை கொடுத்துத் தேன் வாங்குகிறான் என்று ஒருவன் ஆரம்பித்துவைத்தான், மற்றவர்கள் அதற்குக் கை கால் வைத்தார்கள். அப்துல் குத்தூஸ் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளைய நான் தப்பா சொல்லலம்மா. ஆனா வண்டி நின்னு பந்த் ஆவறதுன்னா ரெண்டு வாட்டியும் அந்தக் காட்டுக்குள்ளயா ஆவணும்? டவுனுக்குள்ள ஒரு நாளாச்சும் நின்னுச்சா?"

"பழைய வண்டி அத்தா."

"பழைய வண்டிக்கு எடம் பாத்து நிக்கத் தெரியுமா?"

 வண்டிச் சீட்டுக்குப் பின்னால் ஒரு தேன் பாட்டிலைச் சம்சாத்தே பார்த்திருந்தாள். காட்டைத் தாண்டிக் கடம்தலா ஊரில் குடியேறியிருந்த ராஞ்சிக்காரன் ஒருவனிடம் வாங்கியதாக நௌஷாத் சொல்லியிருந்தான். அவளும் சரி என்று அடுப்படியில் வைத்தாள். அத்தாவிடம் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து அதை அவளால் தொட முடியவில்லை. தன் புருஷனைச் சந்தேகப்படுகிறோம் என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டாள்.

அதிகாரி நேரில் வந்து வண்டியைப் பார்ப்பார் என்று தகவல் வந்த அன்று, நௌஷாத் வீட்டுக்குள் குட்டிபோட்ட பூனையாக அலைந்தான். பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்தது.

"இத்தன நாளும் சும்மா காலி வண்டிய, அரை டாங்க் டீசலோட ஓட்டிப் பாத்தோம். கான்வாய்க்குப் போறப்ப எப்டிப் போவேனோ அப்டியே ஓட்டிப் பாத்தா என்ன? மூட்டைய ஏத்திட்டு, டாங்க்க முட்ட ரொப்பிட்டு."

காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். உள்ளே டீசல் தீர்ந்து நின்றால் யார் பதில் சொல்வது என்று பயந்து, கழுத்துவரை ரொப்பிக்கொண்டுதான் சாவடிக்குப் போவார்கள்.

"நானும் வர்றேங்க," என்றாள் சம்சாத்.

நௌஷாத்துக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பொண்டாட்டி துணைக்கு வருகிறாள் என்று நினைத்தான் பாவம். அவள் ஏறியது அவன் காலைப் பார்க்க. எந்தக் கால் எந்தப் பெடலில் இருக்கிறது, கை சாவிப் பக்கம் போகிறதா என்று பார்க்க.

கடற்கரைக்குப் போகிற சிடியாடாப்பு ரோட்டில் போனார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மேடு, இடையிடையே பாக்குத் தோப்பு. சம்சாத் எதையும் பார்க்கவில்லை. பர்மாநாலா ஊரைத் தாண்டி ஏற்றம் ஏறும்போது இஞ்சின் ஒரு தரம் இருமியது. நௌஷாத்தின் வலது கால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்திருந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. சாவி தொடப்படாமல் தன் இடத்தில் இருந்தது. இஞ்சின் இன்னொரு தரம் இருமிவிட்டு அடங்கியது. வண்டி நின்றுவிட்டது.

அவன் பொய் சொல்லவில்லை.  சம்சாத்துக்கு அப்பாடா என்று வந்த மூச்சின் பின்னாலேயே வெட்கமும் வந்தது, இத்தனை நாள் என்ன காரியம் செய்துகொண்டிருந்தோம் என்று.

நௌஷாத் குதித்து இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்தான். டீசல் அளவு காட்டும் முள் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. குச்சியை டாங்குக்குள் விட்டுப் பார்ப்பதுதான் அவன் பழக்கம். வண்டி நின்றால் முதல் வேலையே அதுதான். மூடியைத் திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம் நீளமாக எழுந்து அடங்கியது.

"என்னங்க அது?"

"எது?"

"மூடியத் தொறந்தப்ப உஸ்ஸுனுச்சே."

"டீசல் ஆவியா இருக்கும். கான்வாய்ல பின்னால ஆரன் அடிக்கிற சத்தத்துல இதெல்லாம் யாரு கேட்டா?" குச்சி முக்கால்வாசி நனைந்து வந்தது. மூடியை மாட்டிவிட்டு ஏறிச் சாவியைத் திருகினான். உடனே கிளம்பிவிட்டது. "பாத்தியா? எப்பவும் இதேதான். நிக்கும், குச்சி விட்டுப் பாப்பேன், வந்து சாவி போட்டா எடுத்துரும். காட்டுக்குள்ள நான் ஏறிச் சாவி போடறதுக்குள்ள போலீஸு வந்து போட்டுரும்."

சம்சாத் அதை மனசுக்குள் ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். "குச்சி விடாம சாவி போட்டா எடுக்குமா?"

அவன் அவளையே பார்த்தான். நின்றபோது ஒரு தடவைகூட அப்படிச் செய்ததே இல்லை.

திரும்பிப் போய் டாங்கை மறுபடியும் ரொப்பிக்கொண்டு வந்து அதே ரோட்டில் ஓட்டினார்கள். மறுபடியும் நின்றது. இந்தத் தடவை மூடியைத் தொடவில்லை. சாவியைத் திருகினான், இழுத்தது, எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயம் வரும்வரை இழுத்தான், எடுக்கவே இல்லை. பிறகு இறங்கி மூடியைத் திறந்தான். உஸ். ஏறித் திருகினான். கிளம்பியது.

நௌஷாத் சத்தம்போட்டுச் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்த்தாள். "பம்ப்பு மேல தப்பே இல்ல சம்சாத். தண்ணி பாட்டில்ல வாய எடுக்காம உறிஞ்சினா பாட்டில் ஒட்டிக்கும், அப்புறம் தண்ணி வராதுல்ல? அதான் இது. டீசல் போற அளவுக்கு உள்ள காத்து வரணும். வரல. டாங்க்கு ரொம்பியிருந்தா உள்ள காத்தே கொஞ்சம், சீக்கிரம் மூச்சு முட்டிருது. பாதி டாங்க்குன்னா அது பாட்டுக்கு ஓடுது."

மூடியைப் புரட்டி உள்பக்கம் பார்த்தான். காற்று போவதற்கென்று நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதைச் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக் கல்லாகியிருந்தது. அதன் நடுவே பிறை மாதிரி ஒரு நகத்தடம்.

"கோவிந்தராஜ் அண்ணன் வேல," என்றான். "உப்புத் தண்ணி பூந்து பட்டறைல கெடந்தப்ப எவனோ அடைச்சிருக்கான்."

சம்சாத் குனிந்து பார்த்தாள். அது அவளுடைய நகம்.

வண்டி நிற்கத் தொடங்குவதற்கு முன்னால், மழைக்காலக் கடைசியில் பாராடாங் போகிற படகில் வண்டியை ஏற்றியபோது, அலை எகிறித் தளத்தில் நின்ற வண்டிகளை எல்லாம் குளிப்பாட்டிவிட்டது. டாங்குக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று சம்சாத்தான் கழுவினாள். மூடியைக் கழற்றி உள்பக்கத்து ஓட்டையைப் பார்த்தாள். ஓ, இந்த வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கிறது என்று கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்து, குளியலறைக் குழாயின் ஒழுகலை அடைக்கப் பிசைந்ததில் மிச்சமிருந்த பசையை எடுத்து அழுத்தி, நகத்தால் ஒரு தரம் குத்தியும் வைத்தாள். பெரிய காரியமா அது, யாரிடம் சொல்வது? மறந்தே போய்விட்டாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நௌஷாத் ஒரு கம்பியைத் தேடி எடுத்து ஓட்டையைக் குத்தப் போனபோது மட்டும் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எடுக்காதீங்க. எடுத்துட்டா நாளைக்கு அந்த ஆபீசருக்கு எதைக் காட்டுவீங்க?"

அவன் யோசித்தான். "ஆமா," என்றான். "உனக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்ல."

அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

இப்படித்தான் அன்று காலை அவள் வாசலில் நின்று அந்த விபரீத துஆவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி ஒரு பெண், பெயர் உமா மகேஸ்வரி. தகப்பனார் அந்தக் காலத்தில் அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர், ஆகவே தமிழ் பேசுவார். ஜீப்பில் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து இறங்கினார். சிரிக்கவில்லை.

"காடி எங்க நிக்கும்னு சொல்றீங்களோ அங்கேயே போலாம். ஏக் பார், ஒரே தடவதான். நிக்கலன்னா நான் எழுத வேண்டியத எழுதிருவேன்."

டாங்க் மூடியை அவரே திறந்து, நிறைந்திருப்பதை டார்ச் அடித்துப் பார்த்து, அவரே மூடினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். சம்சாத்தையும் வரச் சொன்னார், அவள் நடுவில் உட்கார்ந்தாள். ஜீப் பின்னால் வந்தது.

ஒரு சங்கடம் நௌஷாத்துக்கும் சம்சாத்துக்கும் மட்டும் தெரியும். நேற்று கழுத்துவரை ரொப்பியிருந்தார்கள். இன்றைக்கு டீசல் பங்கில் இருந்தவன் குழாய் தானாக நின்றதும், போதும், வழியும் என்று எடுத்துவிட்டான். கெஞ்சியும் ஊற்றவில்லை. அப்படியென்றால் உள்ளே கொஞ்சம் கூடுதலாகக் காற்று இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடும் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

பர்மாநாலா வந்தது. நேற்று நின்ற ஏற்றம் வந்தது. வண்டி ஓர் இருமல்கூட இல்லாமல் ஏறி இறங்கியது. நௌஷாத்தின் நெற்றியில் வேர்வை ஓடி கண்ணுக்குள் போனது, அவன் துடைக்கவில்லை. கையை எடுத்தால் சாவியைத் தொட்டான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். சிடியாடாப்புக் கடற்கரை வந்தது. ரோடே முடிந்துவிட்டது.

"ரோடு முடிஞ்சிருச்சு," என்றார் உமா மகேஸ்வரி.

"திரும்பிப் போறப்ப நிக்கும் மேடம்."

"காட்டுக்குள்ள மட்டும் கரெக்டா நிக்குது. என் முன்னாடி நிக்க மாட்டேங்குது."

அவன் வண்டியைத் திருப்பினான்.  தோப்புகள் திரும்பி வந்தன. மறுபடியும் பர்மாநாலா நெருங்கியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்து ஜீப்பில் இருந்த கான்ஸ்டபிளிடம், முடித்துக்கொள்ளலாம் என்று ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை பாதியில் இருக்கும்போது இஞ்சின் இருமியது.

நௌஷாத் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்கிக் காட்டினான். வண்டி தானாக ஓரம் போய் நின்றது.

உமா மகேஸ்வரி அவனை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். பல தடவை திருகினார். எடுக்கவில்லை. இறங்கிப் போய் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்றது கான்ஸ்டபிளுக்கே கேட்டது. மறுபடி ஏறித் திருகினார், வண்டி கிளம்பியது. நௌஷாத் கண்ணை மூடி, அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தான்.

அதோடு முடிந்தது என்றுதான் சம்சாத்தும் நினைத்தாள். அதிகாரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அழுக்கு இல்ல. உப்பும் இல்ல. யாரோ கையால அடைச்சது. நகம்கூடத் தெரியுது." அவர் நௌஷாத்தை நிமிர்ந்து பார்த்தார். "ரொப்பிட்டுப் போனா காட்டுக்குள்ள நிக்கும், மூடியத் தொறந்தா கிளம்பிரும். நிறுத்தறதுக்குன்னே பண்ணி வச்ச சாக்கு, பஹானா மாதிரி இருக்கே இது."

"மேடம், மெக்கானிக்கு யாராச்சும்..." நௌஷாத்துக்கு நாக்கு குழறியது. "வல்லாஹி, அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது மேடம்."

"மெக்கானிக் பேர் என்ன?"

கான்ஸ்டபிள் பேரைக் கேட்டுக்கொள்ள முன்னால் வந்தார். கோவிந்தராஜைக் கூப்பிடுவார்கள், அவர் இல்லை என்பார். அப்புறம் மிஞ்சுவது நௌஷாத்தான். சம்சாத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"அத அடைச்சது நான்தான் மேடம்," என்றாள்.

"புருஷனக் காப்பாத்த பொண்டாட்டிங்க சொல்றது எனக்கொண்ணும் புதுசு இல்லம்மா."

"காப்பாத்தணும்னு நெனச்சிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்." அவள் படகையும் உப்புத் தண்ணீரையும் குழாய்க்குப் பிசைந்த பசையையும் சொன்னாள். "நேத்து மூடியப் பாத்ததும் என் நகம்னு தெரிஞ்சுபோச்சு. பழி மெக்கானிக் மேல போவுதுன்னும் தெரிஞ்சுது. வாய மூடிட்டு இருந்துட்டேன்."

"ஏன்?"

நௌஷாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்சாத் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

"எப்டி மேடம் சொல்லுவேன்? ஊரே இவங்களத் திருடன்னுச்சு, நானும் அதையேதான் நெனச்சேன். நேத்து இந்த வண்டில எதுக்கு ஏறினேன் தெரியுமா? இவங்க காலப் பாக்கத்தான். இவங்களே சாவிய அணைக்கிறாங்களான்னு வேவு பாக்கத்தான். வாங்கிட்டு வந்த தேனக்கூட ஒரு சொட்டு நாக்குல வைக்கல, காட்டுல வாங்கினதா இருக்கும்னு. கடைசில பாத்தா காரியத்தக் கெடுத்தவளே நான். அத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இவங்ககிட்ட சொல்லுவேன்?"

ரோட்டில் ஒரு பஸ் கடந்து போனது. உமா மகேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை, நௌஷாத்தின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வண்டி நின்றபோது அங்கே வந்திருந்த வெளிச்சம் முழுக்க வடிந்துபோயிருந்தது.  அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவர் மேற்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

"நாளைக்கு வந்து பாஸை வாங்கிக்கோங்க," என்றார். "புது மூடி போட்டுட்டு வாங்க."

ஜீப் போய்விட்டது. நௌஷாத் கம்பியை எடுத்து அந்தப் பசையைக் குத்திக் குத்தி எடுத்தான். நிதானமாக, ஓட்டை சுத்தமாகத் தெரியும்வரை குத்தினான். ஊதிப் பார்த்தான். மூடியை மாட்டினான்.

"ஏங்க," என்றாள் சம்சாத்.

"போலீஸு நம்பல, சரி, அது அவங்க வேல," என்றான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "மாமா நம்பல. அவரு வியாபாரி. நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா இல்லன்னு சொல்வீங்க. அதையும் நம்ப முடியாமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான், கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோல. ஏறி உட்கார்ந்து, எட்டி அந்தப் பக்கக் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டான். சம்சாத் ஏறினாள். நடுவில் நகர்ந்து உட்காரப் போனவள், என்ன நினைத்தாளோ, ஜன்னலோரமே உட்கார்ந்துகொண்டாள். இருவருக்கும் இடையில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. அங்கே வா என்று நௌஷாத் சொல்லவில்லை. சாவியைத் திருகினான், வண்டி உடனே கிளம்பியது.